ஐந்தாம் ஸ்தலம்

"கனமா இருக்குதாடி?"

"இல்லியே."

"பொய் சொல்லாத. நீ மூச்சு வாங்கறது எனக்குக் கேக்குது. சும்மா பின்னாடி புடிச்சிக்கினு வா, போதும். பாரமெல்லாம் என் தோள்ல இருக்குதுல்ல?"

"சும்மா புடிச்சா சேசு பாக்க மாட்டாரா?"

"பாத்தா பாக்கட்டும். கனமா இருந்தா மட்டும் சொல்லிடு. நிறுத்திடலாம்."

"உனக்குக் கனமா இருந்தா நீ சொல்லுவியாண்ணா?"

"நானா? நான் எதுக்குடி சொல்லப்போறேன்?"

அன்று கிரேஸ் மேரிக்கு ஒன்பது வயது. அண்ணன் பாஸ்கலுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், செம்மலைச் சரிவில் பனஞ்சட்டச் சிலுவையை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இருவரும் பேசிக்கொண்டது.

கல்யாணமாகி, ஒரு பெண்ணுக்குத் தாயுமான பிறகு, இன்று காலை அது ஏன் அவளுக்கு நினைவுக்கு வரவேண்டும்? அபிஷேகப்பாக்கத்து வீட்டு வாசலில், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற மனிதர் அவள் மகளின் டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா நேத்து பஸ்ஸுல மறந்துட்டு இறங்கிடுச்சும்மா," என்றார் சிவப்பிரகாசம். "நல்லவேளை, நான் பின்சீட்டுலதான் இருந்தேன்."

கிரேஸ் வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது.

"கழுவித்தான் கொண்டுவந்தேன். மிச்சம் வச்ச சோறு புளிச்சுப் போயிடுமில்ல?"

அவருடைய அம்பாசிடர் கார் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. கார் வைத்திருக்கிற மனிதர் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து டவுன் பஸ்ஸில், அதுவும் பின்சீட்டில், எதற்காக உட்கார வேண்டும்? கிரேஸ் டப்பாவை மூடினாள்.

"சாயந்தரம் சிலுவைப்பாதைக்கு வருவீங்கல்ல? நானும் வரேன்மா. முடிஞ்சதும் அப்படியே கார்லயே புதுச்சேரி போயிடலாம். பத்திரமெல்லாம் தயார். பதிஞ்சு குடுக்கற நொத்தேர் ஐயாகிட்டயும் சொல்லி வச்சாச்சு. ஒரே ஒரு கையெழுத்து. பாப்பா தூங்கறதுக்குள்ள உங்களை வீட்டுல விட்டுடுவேன்."

கைகூப்பிவிட்டுப் போனார். அந்த மனிதர் இதுவரை ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

உள்ளே, ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த மரியசுந்தரம் பல் துலக்கிக்கொண்டிருந்தான். மனைவியின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, வெகுநேரம் முகத்தைக் கழுவினான்.

"போட்டுட்டு வந்துடு கிரேசு."

"போன வாரம் நீங்கதானே போடாதன்னீங்க?"

"போன வாரம் அந்த ஆளு பஸ்ஸுல உக்காரல."

கிரேஸ் மகளை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. மரியசுந்தரம் தூங்காமல் வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னான். கதவை உள்பக்கம் தாழிடும் சத்தம் கேட்ட பிறகுதான் கிரேஸ் தெருவில் இறங்கினாள்.

வில்லியனூரில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே செம்மலை தெரிந்தது.

மலை என்று அவள் பிறந்த ஊரான செம்மலைப்பேட்டுக்காரர்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். செஞ்சிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் தட்டையான நெல்வயல்களையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திடீரென்று சிவந்து எழுந்து நிற்கும் அந்த மண் மலைதான். மழை அரித்த ஓடைகள் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். இடையில் முந்திரி மரங்கள் பச்சைக் குடை பிடித்து நிற்கும். சாயங்கால வெயில் பட்டால் அடுப்புத் தணல் போல ஜொலிக்கும். அபிஷேகப்பாக்கத்து மொட்டை மாடியிலிருந்து, மழை பெய்து ஓய்ந்த காலைகளில், வடக்கே ஒரு சிவப்புத் தீற்றலாக அது தெரிவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துவிட்டு இறங்கிவிடுவாள்.

குடும்பச் சொத்தான அந்த மலையைத்தான் பட்டணத்துக் கம்பெனி ஒன்று கேட்கிறது. சிவப்பிரகாசம் அந்தக் கம்பெனியின் ஆள். அறுநூறு மனைகள். 'மலைக்காட்சி நகர்' என்று பெயர்ப்பலகைகூட வந்துவிட்டது. அடிவாரத்துச் சரிவில் மட்டும் வீடு கட்டுவார்கள் என்று நம்பித்தான் பாஸ்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான். மலையையே வெட்டிச் சமதளமாக்கி, மண்ணை லாரியில் ஏற்றப் போகிறார்கள் என்பது அளவுக்காரர்கள் வந்து உச்சி வரை சிவப்புக் கொடி நட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஆனால் கம்பெனிக்கு ஒரு பூட்டு மிச்சம் இருந்தது. கிரேஸின் பூட்டனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில், குலவழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக்கொடுத்தவர். ரெனோன்சான் குடும்பம் என்பார்கள். அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்து இல்லாமல் ஒரு பிடி மண்ணை விற்க முடியாது. பட்டணத்துக்காரர்களுக்கு இது தெரியவில்லை. பாஸ்கலும் சொல்லவில்லை. தங்கை ஒருத்தி இருப்பதையே அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. நொத்தேர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மகள் எங்கே?" என்று கேட்டாராம்.

அண்ணன் தன்னை மறைத்துவிட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து கிரேஸின் நெஞ்சில் ஒரு முள். அவன் கேட்டிருந்தால் மலையைச் சும்மாவே எழுதிக்கொடுத்திருப்பாளே! இல்லாத ஆளாக ஆக்கிவிட்டானே!

செம்மலைப்பேட்டில் இறங்கும்போது உச்சி வெயில்.

அடிவாரப் புளியமரத்து நிழலில் மஞ்சள் நிற புல்டோசர் ஒன்று நின்றிருந்தது. கோழி ஒன்று அதன் இரும்பு வாய்க்குள் ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் இது இங்கே இல்லை.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வேலம்மாள் அவளைப் பார்த்ததும் குரல் கொடுத்தாள்.

"வாடி கிரேசு. ஊருக்குப் புது மாப்பிள்ளை வந்துக்கீறான், பாத்தியா? மஞ்ச பூசிக்கினு நிக்கிறான்."

"இது எப்ப வந்துச்சுக்கா?"

"விடிகாலைல. மலையை வாரி லாரில ஏத்திட்டு, அப்பால மலைக்காட்சி நகராம்! இன்னாத்தக் காட்டுவானுவ? போட்டோவா? அந்த மலை குடிக்கிற மழைதான்டி நம்ம கெணத்துல..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். புளியமரத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்மீது உட்கார்ந்திருந்த ஒருவன் தலையைத் திருப்பினான். வேலம்மாள் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வேலம்மாள் பேச்சைப் பாதியில் விட்டு கிரேஸ் பார்த்ததே இல்லை.

அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருசப்பன் சுருண்டு படுத்திருந்தார். முந்திரித் தோப்புக் காவல்காரர். வலது கை மூங்கில் பத்தைக்குள் கட்டுப்பட்டிருந்தது.

"கை எப்படியிருக்குது?"

"மரத்துலேந்து வுழுந்துட்டேம்மா."

"அது தெரியும். வலி இருக்குதான்னு கேட்டேன்."

"மரத்துலேந்துதாம்மா." அவர் கண்கள் அவளைத் தாண்டி வாசலையே பார்த்தன. "நானா ஏறி, நானா வுழுந்தேன். யார் கேட்டாலும் அதான்."

முழங்கால் வாதத்தால் வரப்பைத் தாண்டவே தடி தேவைப்படுகிற மனிதர் அவர்.

சமையல்கட்டில் அண்ணி அன்னாமேரி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒருவேளை நோன்பு. கிரேஸைப் பார்த்ததும் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"கோயில்ல சிலுவைக்கு எண்ணெய் பூசறாரு. வந்துடுவாரு." தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள். "தூங்கறதே இல்ல கிரேசு. கதவுக்கு முதுகு குடுத்துக்கினு உக்காந்துக்கீறாரு. பக்கத்துல அருவா. இன்னாங்கன்னு கேட்டா, நரி வருதுங்கறாரு."

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த குச்சிகளை கிரேஸ் கவனித்தாள். எல்லாம் ஒரே அளவில் சீவிய மூங்கில். ஒன்றின் நுனியில் கருகாத சிவப்புத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்கேந்து வந்துச்சு?"

அன்னாமேரி அந்தக் குச்சியை அவசரமாக உள்ளே தள்ளினாள். "அவர்தான் கொண்டாந்து போடறாரு. எங்கேந்துன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத."

கிரேஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மலையை விற்றவனே ராத்திரியில் போய் எதற்காகக் கொடியைப் பிடுங்க வேண்டும்? கேட்க நினைத்தாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பாஸ்கல் வந்தான். கூடவே சிவப்பிரகாசமும் வந்தார்.

அண்ணன் முகத்தில் ஒரு வாரத் தாடி நரைத்து முளைத்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பில் மோர் ஊற்றி சிவப்பிரகாசத்திடம் நீட்டினான். மோர் தளும்பி அவன் விரலில் வழிந்தது.

"சாப்ட்டியா?" என்றான் சுவரைப் பார்த்து.

"கஞ்சி குடிக்கணும்."

"ஐயா வந்து சொன்னாருல்ல? சாயந்தரம் போறோம். போட்டுடறோம். இன்னா?"

"என்னைப் பாத்துச் சொல்லுண்ணா."

"இன்னாத்தப் பாக்கறது? சொன்னது காதுல வுழுந்துச்சுல்ல?"

சிவப்பிரகாசம் மோரைக் குடித்து, செம்பை பாஸ்கலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "கோவப்படாதீங்க பாஸ்கல். தங்கச்சி நல்ல பொண்ணு. பாப்பாவும் ரொம்ப சமர்த்து. பஸ்ஸுல தனியா வருது, பயப்படறதே இல்லை."

பாஸ்கலின் கையிலிருந்த செம்பு தரையில் விழுந்து உருண்டது.

"வழுக்கிடுச்சு," என்றான்.

குனிந்து எடுக்கும்போது ஒரு கணம் அவன் கண்கள் தங்கையின் கண்களைத் தொட்டன. கோபம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். கோபமில்லை. நடுக்கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவனின் பார்வை அது. அடுத்த கணமே நிமிர்ந்து, "என் தங்கச்சி என் பேச்சைத் தட்ட மாட்டா சார்," என்று உரக்கச் சொன்னான்.

கஞ்சியை அவள் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

கோயில் மணி அடித்தது. சிலுவைப்பாதை புறப்பட்டது.

செம்மலைப்பேட்டில் ஒரு வழக்கம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை பதினான்கு ஸ்தலங்களுக்கும் பதினான்கு குடும்பங்கள். ஒவ்வொரு ஸ்தலத்திலும் அந்தக் குடும்பத்தார் சிலுவையை வாங்கி அடுத்த ஸ்தலம் வரை சுமக்க வேண்டும். நடுவில் இறக்கக்கூடாது, வேறு ஆள் தோள் கொடுக்கவும் கூடாது. பாஸ்கல் குடும்பத்துக்கு ஐந்தாவது. சிலுவை சுமக்க முடியாமல் தள்ளாடும் சேசுவுக்கு, வழியே போன சீமோனைப் பிடித்துத் தோள் கொடுக்கவைத்த இடம். மற்ற இடைவெளிகளைவிட ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் ஏற்றம் செங்குத்து.

பங்குச் சாமியார் முன்னே நடந்தார். பெண்கள் முக்காடிட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சிவப்பிரகாசம் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வெறுங்காலோடு, கைகளை மார்பில் கட்டியபடி, கிரேஸின் பக்கத்திலேயே ஏறினார். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்காரனும் இன்னும் இரண்டு முரட்டு முகங்களும்.

"பாத்து வாங்கம்மா. கல்லு."

பாதையின் இரு பக்கமும் கொடிகள். நேற்று பிடுங்கிய குழிகளுக்குப் பக்கத்திலேயே இன்று புதிதாக நட்டிருந்தார்கள். ஈர மண்ணில் பழைய குழியும் புதுக் குச்சியும் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. முதல் ஸ்தலத்தின் பீடத்தில் அளவுக்காரர்கள் சுண்ணாம்பால் ஏதோ எண் எழுதியிருந்தார்கள். இரண்டாவதிலும். மூன்றாவதிலும். முழங்கால் போட்ட சனங்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னார்கள். பாட்டு மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

கிரேஸ் முடிவு செய்துவிட்டாள். போட்டுவிடலாம். மகளுக்கு மேல் மலை பெரிதில்லை. இந்த ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்ப் போட்டுவிடலாம்.

அதனால்தான் பார்த்தாள். முந்திரி பூத்திருந்தது. வெயிலில் அதன் இனிப்பு வாசனை பழக்கமான கைபோல முகத்தைத் தடவியது. கீழே ஊசுட்டேரி தகடாக மின்னியது. அப்பால் வில்லியனூர்க் கோயில் கோபுரம், மாதா கோயில் சிலுவை, நாற்றங்கால்கள், செங்கல் சூளைப் புகை. சிறுமியாக இருந்தபோது உலகம் இவ்வளவுதான் என்று நினைத்த இடம். அம்மாவைப் புதைத்த சாயந்தரம் அண்ணன் அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்த பாறை அதோ இருக்கிறது. அதன்மேலும் ஒரு கொடி.

ஐந்தாம் ஸ்தலம் வந்தது.

நான்காம் ஸ்தலத்துக்காரர்கள் சிலுவையை நீட்டினார்கள். பாஸ்கல் முன்னே தோள் கொடுத்தான். கிரேஸ் பின்னே போய் நின்று அடிச்சட்டத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாள். புதிதாகப் பூசிய எண்ணெய் வழவழத்தது. அப்பாடி! எவ்வளவு கனம்! அந்த நாளில் இவ்வளவு பாரத்தையும் இவனா சுமந்தான்?

ஏற ஆரம்பித்தார்கள். அவளுக்கு அண்ணனின் பிடரி மட்டும்தான் தெரிந்தது. வியர்வை சட்டைக் காலரை நனைத்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு காயம். போன வாரம் அது இல்லை. காய்ந்த ரத்தம் கருத்துப் போயிருந்தது.

"அண்ணா," என்று மெல்லக் கூப்பிட்டாள். "காதுல இன்னா?"

அவன் சிலுவையைத் தோளில் சற்று நகர்த்திக்கொண்டு ஏறினான்.

"யாராவது அடிச்சாங்களா?"

"நட."

"கொடியெல்லாம் நீதான் புடுங்கறியா?"

அவன் முதுகு விறைத்தது. "பேசாம நடடி. பக்கத்துல ஆளு."

பக்கத்தில் ஆள் இருந்தார். நான்கு அடி தள்ளி, தலை குனிந்து, பாட்டோடு உதடுகளை அசைத்துக்கொண்டு.

பாஸ்கல் மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சும் அறுப்பது போலக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தபோது கிரேஸுக்கு ஒன்று தோன்றியது. தங்கை இருப்பதை இவன் கம்பெனிக்காரர்களிடம் ஏன் சொல்லவில்லை? பங்கைப் பறிக்கவா? அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், யாரும் அவள் மகளின் பஸ்ஸில் ஏறி உட்கார மாட்டார்கள். மதியம் அந்தச் செம்பு கைநழுவி விழுந்தது எந்த வார்த்தையின்போது?

நெஞ்சிலிருந்த முள் இருந்த இடம் தெரியாமல் போனது. அதன் இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது தனக்காகப் பயமில்லை. முன்னே தள்ளாடிப் போகிற இந்த மனிதனுக்காக.

ஏற்றத்தின் நடுவில், ஆறாம் ஸ்தலம் இன்னும் எட்டாத இடத்தில், பாஸ்கல் நின்றுவிட்டான்.

நிற்கக்கூடாத இடம். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பாட்டு தடுமாறியது. கால் இடறிவிட்டதோ என்று சாமியார் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. கடைசியில் காற்றில் கொடிகள் படபடக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இன்னாண்ணா? ஏன் நிக்கற?"

அவன் திரும்பவில்லை. சிலுவைக்குக் கீழே தலையைத் திருப்ப முடியாது. தோள் மட்டும் குலுங்கியது.

"கனமா இருக்குதுடி," என்றான்.

கிரேஸ் கால்களை அழுந்த ஊன்றி, சட்டத்தைத் தன் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள். அவன் பக்கத்துப் பாரம் கொஞ்சம் தன்மேல் சரிவதை உணர்ந்தாள்.

"புடிச்சிக்கினேன். சொல்லுண்ணா."

சிவப்பிரகாசத்தின் உதடுகள் அசைவதை நிறுத்தியிருந்தன. அவர் தலையை மெதுவாக உயர்த்தினார். மோட்டார் சைக்கிள்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். பாஸ்கல் அதைப் பார்த்திருப்பான். பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி, மலைக்கும் கேட்கும்படி, சொன்னான்.

"எத்தினி நாளா சொல்லணும் சொல்லணும்னு வாய்க்குள்ளயே வச்சிக்கினு கீறேன். நான் போட்டுட்டேன், என்னால இனிமே முடியல. கையெழுத்துப் போடாத கிரேசு. நான் சொன்னாலும், இவங்க யார் சொன்னாலும், எனக்கு இன்னா ஆனாலும், நீ போடாத."